ஆர்வில் டெஸ்கியும் மூன்றாவது கேள்வியும்

எங்கள் கம்பெனி வரவேற்பறையில், காபி மெஷினுக்கு மேலே, ஆர்வில் டெஸ்கியின் படம் மாட்டியிருக்கிறது. நீலத் தொப்பி, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கீழே பித்தளைத் தகட்டில் 'இருபது லட்சம் மைல், ஒரு விபத்தும் இல்லை' என்று பொறித்திருக்கிறார்கள். காபி பிடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் போட்டு மிதிக்கலாமா என்று எனக்குத் தோன்றும். தகட்டில் இருப்பது பொய் இல்லை. ஒன்பது வருடம் அவனோடு ஒரே லாரியை ஓட்டியவள் நான், அதற்கு நானே சாட்சி. ஆனால் அவன் எனக்குச் செய்ததைப் பொறிக்க அந்தத் தகட்டில் இடம் இல்லை. கம்பெனி அவனுக்குச் செய்ததைப் பொறிக்கச் சுவரே போதாது.

என் பெயர் நடீன் புரோகோப். நெப்ராஸ்காவில் செய்யும் பாசனக் குழாய்களை ஐடஹோவின் உருளைக்கிழங்கு வயல்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது எங்கள் வேலை. இரண்டு பேர் ஓட்டும் லாரி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால், திரைக்கு உள்ளே, படுத்துத் தூங்குவார். லாரி நிற்காது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எனக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதுதான். ஒரு உறவும் இல்லை. அவனுக்குக் கியர்னியில் வெர்லா என்று மனைவி இருக்கிறாள். எனக்கு இரண்டு கணவன்கள் இருந்தார்கள், இரண்டும் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு முழு லோடு மலையிறக்கத்தில் போகும்போது, பின்னால் கண்ணை மூடிப் படுத்திருப்பவளுக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் கட்டின கணவனைவிட முக்கியம்.

அதனால்தான் ஆர்வில் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் வைத்தான். சீட்டு மாறும் ஒவ்வொரு முறையும் ஒருவரை ஒருவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பதில் வராமல் சீட்டு மாறக் கூடாது.

"வண்டி?"

"பின்னாடி இடது பக்க டயர்ல காத்து கம்மியா தெரியுது. பாத்துக்க."

"ரோடு?"

"ராலின்ஸ் வரைக்கும் காஞ்சு கெடக்கு. அதுக்கப்புறம் காத்து ஆளைத் தூக்குது."

"நீ?"

இந்த மூன்றாவது கேள்வியை அவன் சும்மா கேட்கவில்லை. ஒரு தடவை, "கண்ணு சொருகுது, ஆர்வில். இன்னும் கொஞ்சம் தூங்கணும்" என்றேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் திரும்பப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். என் அண்ணன் இறந்த செய்தி போனில் வந்த அன்று, "எனக்கு ரோடே தெரிய மாட்டேங்குது" என்று சொன்னேன். லாரியை ஓரங்கட்டி, என்னோடு ஒரு லாரிப் பேட்டையில் வெறுமனே உட்கார்ந்திருந்தான். லோடு தாமதமானதற்கு கம்பெனி கத்தியபோது, கோளாறு வண்டியில் என்று சொல்லி ஏச்சை அவன் வாங்கிக்கொண்டான். அப்படிப்பட்டவன்தான் பிறகு என்னிடம் மாதக்கணக்கில் பொய் சொன்னான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது.

அவனோடு ஓட்டுவது சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துக் கோப்பையில் துப்புவான். தேவாலயப் பாட்டுகளைச் சுருதியே இல்லாமல் பாடுவான். நான் ஓட்டி முடித்த ஸ்டியரிங்கை, எனக்கு ஏதோ தொற்றுவியாதி இருப்பதுபோல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவான். வழி சொல்லும் கருவியைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"அந்தப் பொம்பள பேச்சக் கேட்டா நேரா ஏரில கொண்டுபோய் எறக்கிடுவா" என்பான்.

"அப்ப நான் வழி சொன்னா?"

"நீயும் ஏரிலதான் எறக்குவ. ஆனா திட்டிக்கிட்டே எறக்குவ."

ஆர்வில், ஸ்காட்ஸ்பிளஃப் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு பயிரிடும் விவசாயியின் மகன். பெடலுக்குக் கால் எட்டுவதற்கு முன்பே கிழங்கு லாரியை ஓட்டியவன். வேறு எந்த வேலையும் அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. லாரியிலிருந்து இறங்கினால் நடக்கத் தெரியாத வாத்து மாதிரி நிற்பான்.

முதல் மாரடைப்பு அவனுக்கு வீட்டில் வந்தது, புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது. ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தில் அடைப்பு வந்தவன் லாரியே ஓட்டக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இல்லை. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், டிரெட்மில்லில் ஓடிக் காட்ட வேண்டும், இதய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு கார்டு கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர் சோதித்து மெடிக்கல் கார்டு கொடுப்பார். மற்றவர்களுக்கு இரண்டு வருடக் கார்டு, இதயக்காரனுக்கு ஒரு வருடக் கார்டு. அவ்வளவுதான். ஆர்வில் இதில் ஒன்றைக்கூட விடவில்லை. கேட்டதற்கெல்லாம் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான், கார்டும் வாங்கினான்.

கார்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தபோது அவன் லாரி இல்லை. அவன் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஸ்டியரிங்கை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். லோடு பிரித்துக் கொடுக்கும் டெரில் என்பவன், "சீட்டு காலியா இருந்தா எனக்குக் கட்டுப்படியாவாதுல்ல" என்றான். யார்டில் டிரெய்லரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்து விடும் வேலையைக் கொடுத்தார்கள். கம்பெனிக்காக உலகத்தை எத்தனையோ முறை சுற்றும் தூரம் ஓட்டியவன், வேலிக்குள் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க, கேபினுக்குள் காலுறை காயப்போடும் ஒருவனோடு நான் ஓட்டினேன். நான் வேலையை விடுவதாக மிரட்டின பிறகுதான் ஆர்விலை எனக்குத் திருப்பித் தந்தார்கள்.

கம்பெனி அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது: உண்மை சொன்னவன் யார்டில், வாயை மூடிக்கொண்டவன் ரோட்டில். டெரில் இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லா டிரைவர்களுக்கும் தெரியும்.

திரும்பி வந்த மூன்றாவது வருடம் அவன் தார்ப்பாய் போடுவதைத் தட்டிக்கழிக்க ஆரம்பித்தான். எங்களுடையது திறந்த டிரெய்லர், மழைக்காலத்தில் லோடுக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தார்ப்பாயும் ஒரு கன்றுக்குட்டிக் கனம். முன்பெல்லாம் என்னைத் தொடவே விடமாட்டான். இப்போது கீழே நின்றுகொண்டு விதை கொறிப்பான்.

"ஏறு ஏறு. உனக்குத்தான் இடுப்பு பெருத்துக்கிட்டுப் போவுது" என்றான்.

"யோவ், வாய அடக்கு. மேலேருந்து இத உன் தலைல போட்டுடுவேன்."

"போட்டா நீதான் பாவம். அப்புறம் யார்கூட சண்டை போடுவ?"

சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வயதாகிறது என்று நினைத்தேன். அவன் வேண்டுமென்றே என்னை அப்படி நினைக்கவைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. என் இடுப்பைக் கிண்டல் செய்தால் நான் சண்டைக்குத்தான் வருவேன், அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

அதே சமயத்தில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் புட்டி வந்து உட்கார்ந்தது. நெஞ்சைக் கரித்தால் மென்று தின்னும் வண்ண வண்ண மாத்திரை. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அடிக்கடி அதைக் குலுக்கி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வான்.

"என்னய்யா, எப்ப பாத்தாலும் மிட்டாய் மாதிரி தின்னுக்கிட்டிருக்க?"

"எல்லாம் உன் சில்லியாலதான். அதைச் செய்யறவ கைல மொளகா டப்பாவக் குடுக்கக் கூடாது."

பீன்ஸும் இறைச்சியும் போட்டு நான் வைக்கும் சில்லி, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சாப்பிடுவது. ஒன்பது வருடம் தட்டை வழித்துச் சாப்பிட்டவன். நான் முட்டாள், மிளகாயைக் குறைத்தேன். அவன் புட்டியைக் குலுக்குவது குறையவில்லை. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க இதய டாக்டர் கொடுத்திருந்த நைட்ரோ மாத்திரையை, அதன் பழுப்பு நிறக் கண்ணாடிச் சீசாவிலிருந்து எடுத்து, இந்தப் புட்டிக்குள் கலந்து வைத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், அதுவும் என் சமையல்மேல் பழியைப் போட்டு.

எதற்கு மறைத்தான் என்று கேட்டால், பேட்டைகளில் காபி குடித்துக்கொண்டு வாய் வலிக்கப் பேசும் டிரைவர்களைத்தான் காட்ட வேண்டும். நைட்ரோ சீசாவை ரோட்டில் அதிகாரி பார்த்தால் அங்கேயே கார்டு போச்சு என்று ஒருவன் சொல்வான். எனக்குத் தெரிந்தவனுக்கு அப்படித்தான் போச்சு என்று இன்னொருவன் சொல்வான். அந்தத் தெரிந்தவனை யாரும் பார்த்ததில்லை. வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நுணுக்கமாகச் சொல்லும் ஆட்கள், தங்கள் நெஞ்சைப் பற்றி மட்டும் ஊர்ப்பேச்சை நம்புவார்கள்.

அந்த வருடம் கார்டு புதுப்பிக்கும் வேளை வந்தது. வழக்கமாகப் போகும் கியர்னி கிளினிக்குக்குப் போகவில்லை. வயோமிங் எல்லையைத் தாண்டியதும் ஒரு பேட்டைக்குப் பின்னால் லைல் கான்ட்ஸ் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் திருகி முதுகுக்கு நெட்டி எடுப்பவர். அவருக்கும் கார்டு கொடுக்கும் அதிகாரம் இருந்தது. "மூக்குகிட்ட கண்ணாடியைக் காட்டுவான். ஆவி படிஞ்சா பாஸ்" என்று டிரைவர்கள் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆர்வில் உள்ளே போனான், என் காபி ஆறுவதற்குள் வெளியே வந்தான். இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்திருக்கிறான். அவர் அவன் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் மூச்சுக்குத் திணறுவதைக் காது வைத்துக் கேட்டிருக்கலாம். கழுத்தைத் திருகுகிறவருக்கு என் உயிரைத் தீர்மானிக்கும் பேனாவை யார் கொடுத்தது என்று நான் கேட்காத ஆள் இல்லை. இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

"ரெண்டு வருசக் கார்டு" என்று காட்டினான்.

"உனக்கு ஒரு வருசம்தானே குடுப்பாங்க?"

"இதயம் சுத்தமா கொணமாயிடுச்சாம். இனிமே நான் எளந்தாரி."

நான் சந்தோஷப்பட்டேன். அவனுக்குச் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒரு துண்டு வாங்கிக்கொடுத்தேன். கண்ணில் ஒரு கூச்சம் இல்லாமல் முழுத் துண்டையும் தின்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டு மாற்றத்திலும் மூன்றாவது கேள்விக்கு ஒரே பதில்.

"நீ?"

"நல்லாத்தான் இருக்கேன்."

நான் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினேன்.

வசந்தகாலத்தின் ஆரம்பம், காலை வேளை. ஷயானிலிருந்து மேற்கே ஏறும் ரோடு. நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன், அவன் ஓட்டினான். புட்டி குலுங்கும் சத்தத்தில் விழித்தேன். ஒரு தடவை குலுக்கினான், கொஞ்ச நேரத்தில் மறுபடி, அப்புறம் மறுபடி. லாரி மெதுவாகி நின்றது. மலையுச்சியில் இருக்கும் ஓய்விடத்தில், கோட்டுக்குள் பிசகாமல் நிறுத்தியிருந்தான். பிரேக்கை இழுக்கும் சத்தம் கேட்டது. திரை விலகியது.

"நடீன், கொஞ்சம் சீக்கிரமா எடுத்துக்கறியா?"

பழக்கம்தானே, கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"வண்டி?"

"ஒண்ணும் கொறையில்ல."

"ரோடு?"

"இனிமே லாரமி வரைக்கும் எறக்கம். பக்கக் காத்து. எஞ்சின் பிரேக்க மொதல்லயே போட்டுடு."

"நீ?"

"நல்லாத்தான் இருக்கேன். உன் சில்லிதான்."

அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். முகம் சாம்பல் நிறம். சட்டை முழுக்க நனைந்திருந்தது, வெளியே பனி கிடக்கிறது. இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். கையிலிருந்த புட்டியைப் பிடுங்கினேன். வண்ண மாத்திரைகளுக்கு நடுவே அரிசிக் குருணை மாதிரி குட்டிக் குட்டி வெள்ளை மாத்திரைகள்.

"இது என்னடா?"

"நைட்ரோ. நாலு போட்டேன். ஒண்ணும் கேக்கல."

சொல்லிவிட்டு சீட்டுகளுக்கு நடுவே சரிந்தான். பக்கத்து லாரிக்காரன் ஓடி வந்தான். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, ஆர்விலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் வந்த வசவையெல்லாம் அவன்மேல் கொட்டினேன். அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அந்த இறக்கம். நான் திரைக்குப் பின்னால். எங்களுக்கு முன்னால் ஏதாவது குடும்பம் காரில் போயிருக்கும். அவ்வளவு வலியிலும் லாரியை ஒழுங்காக நிறுத்தினான் என்று கம்பெனியில் எல்லோரும் மெச்சுகிறார்கள். நிறுத்தத் தெரிந்தவனுக்கு அதை ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று நான் கேட்கிறேன்.

அவனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டெரிலுக்குப் போன் செய்தேன்.

"அடடா, பாவம்" என்றான். ஒரு மூச்சு விட்டான். "லோடு நாளைக்கு எறங்கணும். நீ ஒத்தையாவே ஓட்டிடுவியா?"

அவனிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

லாரமி ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவுக்காரப் பெண் அந்தப் புட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். நைட்ரோ மாத்திரையைக் கண்ணாடிச் சீசாவை விட்டு எடுக்கவே கூடாதாம். பிளாஸ்டிக்கில் போட்டால், அதுவும் வேறு மாத்திரையோடு கலந்தால், கொஞ்ச நாளில் வீரியம் போய் வெறும் சுண்ணாம்பாகிவிடுமாம். மாதக்கணக்கில் அவன் ஒன்றுக்கும் உதவாத பொடியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மலையேறியிருக்கிறான். கண் விழித்ததும் அதை அவனிடம் சொன்னேன்.

"சீசாவப் பாத்தா கார்டு போயிடும்னாங்க" என்றான், குழாய்களுக்கு நடுவிலிருந்து.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

பைபாஸ் செய்தார்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் கெடு முடிந்ததும் முடியாததுமாக எனக்குப் போன் வந்தது. கான்ட்ஸிடம் போகிறேன், வண்டியில் கூட்டிப்போ என்கிறான். நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு காயவில்லை, அதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லாத ஆளைத் தேடுகிறான். நான் சரி என்று சொன்னேன். கியர்னிக்குப் போய் அவனை என் பிக்கப்பில் ஏற்றினேன். வயோமிங் பக்கம் திரும்பாமல் நேரே ஊர்க் கிளினிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இது என்ன?" என்றான்.

"எறங்கு."

"நீ யாரு என்ன இங்க கூட்டிட்டு வர்றதுக்கு?"

"உனக்குப் பின்னாடி படுத்துத் தூங்கறவ. எறங்கு."

அங்கே கார்டு கொடுப்பவர் கான்ஸ்டன்ஸ் இபாரா. நர்ஸாக இருந்து மேலே படித்து வந்தவர். நானும் உள்ளே வரலாமா என்று கேட்டேன், ஆர்வில் தோளைக் குலுக்கினான். இபாரா அவன் சட்டையைக் கழற்றச் சொன்னார், தழும்பைப் பார்த்தார், நெடுநேரம் காது வைத்துக் கேட்டார். நைட்ரோ வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"வச்சிருந்தா தப்புன்னு யாரு சொன்னது? சீசாவோட வச்சுக்கங்க. எப்ப எப்ப போடறீங்கன்னுதான் நான் தெரிஞ்சுக்கணும்" என்றார் அவர். "இப்ப நெஞ்சு வலி, எறுக்கம், மூச்சு வாங்கறது, எதாவது இருக்கா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்."

அதே குரல். மலையுச்சியில் வியர்த்துக்கொண்டு சொன்ன அதே குரல். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"ஆர்வில். வண்டி?"

"இங்க ஏது வண்டி? பேசாம ஒக்காரு."

"வண்டி?"

பல்லைக் கடித்தான். "ஒண்ணும் கொறையில்ல."

"ரோடு?"

"காஞ்சிருக்கு."

"நீ?"

இபாரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்வில் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"தபால் பெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பினா நெஞ்சு மேல யாரோ ஏறி நிக்கற மாதிரி இருக்கு" என்றான். "வெர்லாகிட்ட சொல்லல."

"இன்னிக்குக் கார்டு கெடையாது, மிஸ்டர் டெஸ்கி" என்றார் இபாரா. குரலில் கடுமை இல்லை. இதய டாக்டருக்கு அங்கேயே போன் செய்தார். பிறகு நடந்த சோதனைகளில், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் பலம் பாதியாகிவிட்டது என்று தெரிந்தது. லாரி ஓட்ட வேண்டிய அளவுக்கு அது திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் என் பிக்கப்பின் கதவை ஓங்கிச் சாத்தினான்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

"ஆமாய்யா. எனக்கும் சேத்து முடிஞ்சிருக்கும்."

"வெர்லா கையெல்லாம் மொடங்கிக் கெடக்குது. அதுக்கு ஊசி போடறது என் கம்பெனி இன்சூரன்ஸ்லதான். சீட்டு போச்சுன்னா அதுவும் போச்சு. அதுக்கு என்ன பண்ணப்போற, ஒக்காந்து மூணு கேள்வி கேப்பியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் கோபப்படுத்துகிறது. அவன் முட்டாள் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அவன் கணக்குப் போட்டுத்தான் பொய் சொன்னான். உண்மை சொன்னால் நிச்சயமாக வீடு கவிழும், பொய் சொன்னால் ஒருவேளை லாரி கவிழும். அவனை அந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்தியவர்கள்தான் பிறகு படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மாட்டிய அன்று கேக் வெட்டினார்கள், அவனைக் கூப்பிடவில்லை. வெர்லா ஊசிக்காக மூட்டு முடங்கிய விரல்களால் அரசாங்க அலுவலகங்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்படியோ கிடைத்தது. ஆர்வில் அதன்பின் என் போனை எடுக்கவே இல்லை.

கம்பெனி எனக்குப் புது ஜோடி கொடுத்தது. லோவல் ஸ்டிரைக்கர், நடுவயது, நல்ல கை, அதிகம் பேசமாட்டான். முதல் லோடு ஏற்றிக்கொண்டு நான் வயோமிங் எல்லை வரை ஓட்டினேன். பேட்டையில் நிறுத்தி, சீட்டு மாறும்போது அவனுக்கு மூன்று கேள்வியையும் சொல்லிக்கொடுத்தேன். வண்டியையும் ரோட்டையும் பற்றி நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"இப்ப என் முறை" என்றேன். "நீ?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றான். "போன மாசம்தான் கான்ட்ஸ்கிட்ட கார்டு வாங்கினேன். அஞ்சே நிமிசம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் எட்டி சாவியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டெரிலுக்குப் போன் செய்து, இவனை ஒழுங்கான இடத்தில் காட்டினால்தான் லாரி நகரும் என்றேன்.

"அவன் கார்டு சட்டப்படி செல்லும், நடீன்."

"அப்ப சட்டத்த வரச்சொல்லு. இந்தப் படுக்கைல வந்து அது படுக்கட்டும்."

லோவல் கோபித்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டான். டெரில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. இந்த மாதிரிச் செய்தி எங்கள் ஆட்களிடம் காற்றைவிட வேகமாகப் போகும். மத்தியானம் ஆவதற்குள் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கியர்னி எண்.

"சாவியப் புடுங்கி வச்சிக்கிட்டியாமே" என்றது ஆர்விலின் குரல்.

"ஆமா."

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ?" என்றேன்.

"இன்னிக்கு தபால் பெட்டிக்குப் போகல" என்றான். "படில ஒக்காந்துட்டேன். பயமா இருக்கு, நடீன்."

அவன் மேலிருந்த கோபம் எனக்கு அப்போதும் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. நாளைக்கும் கூப்பிடுகிறேன், அப்போதும் இதேபோல் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சாவி சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த லாரியில் படுத்துத் தூங்கினேன்.